30 சென்ரிமீற்றர் பிளாஸ்மாவும் அதற்குப் பின்னாலுள்ள கட்டடமும்: சிற்றளவு ஆர்முடுக்கிகள் ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஐரோப்பாவின் சேர்ன் துணிக்கைப் பௌதிக ஆய்வுகூடம் திட்டமிட்டு வைத்திருக்கும் கிளிக் என்ற நேர்கோட்டு மோதியை (துணிக்கைகளை ஆர்முடுக்கி நேருக்கு நேர் மோதவிடும் கருவி) 3 தெரா ஈவி சக்திக்குக் கட்டினால் அதன் நீளம் 50 கிலோமீற்றர். வாவியின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையை நெருங்கும்வரை செப்புக் குழாய் பதித்தது போல இருக்கும். இன்னொரு பக்கம், 2024 இல் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம் 30 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்மாவுக்குள், அதாவது அணுக்கள் இலத்திரனும் அயனுமாக உடைந்த வாயுவுக்குள், இலத்திரன்களை 9.2 கிகா ஈவி வரை ஏற்றிக் காட்டியது. அது பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றின் நீளம்.

(ஓர் இலத்திரன் 1 வோல்ற்று அழுத்த வித்தியாசத்தைக் கடக்கும்போது பெறும் சக்தி 1 இலத்திரன்வோல்ற்று. இங்கே சுருக்கமாக ஈவி. மெகா என்பது பத்து இலட்சம், கிகா நூறு கோடி, தெரா இலட்சம் கோடி.)

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆயிரம் மடங்கு சிறியது" என்று எழுதுவதைப் பல இடங்களில் காணலாம். அது பாதிக் கணக்கு. பிளாஸ்மாவுக்கு முன்னால் அதைத் தூண்டுகின்ற பொறி ஒன்று நிற்கிறது. பின்னால் கற்றையைப் பிடித்துக் குவிக்கும் வில்லைகள், சுற்றிவரக் கொங்கிறீற்றுச் சுவர், குளிரூட்டி, மின்வழங்கி எல்லாம் நிற்கின்றன. ஆகவே இந்த ஒப்பீட்டில் ஒவ்வொரு வழியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளந்தீர்கள்?

செப்பு எங்கே நின்றுவிடுகிறது

வழக்கமான ஆர்முடுக்கி உலோகக் குழிகளுக்குள் நுண்ணலையைச் செலுத்தி, அதன் மின்புலத்தால் துணிக்கைகளைத் தள்ளுகிறது. ஜேர்மனியில் 2017 இல் திறக்கப்பட்ட ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசர் (ஆர்முடுகிய இலத்திரன்களிலிருந்து எக்ஸ்-கதிரை எடுக்கும் கருவி) நியோபியம் மீகடத்திக் குழிகளால் ஆனது. மீடிறன் 1.3 கிகாஹேர்ட்ஸ், மின்புலம் மீற்றருக்கு ஏறத்தாழ 24 மெகாவோல்ற்று. 17.5 கிகா ஈவியை எட்ட அதற்கு 1.7 கிலோமீற்றர் தேவைப்படுகிறது. கிளிக் திட்டத்துக்காக உருவான 12 கிகாஹேர்ட்ஸ் செப்புக் குழிகள் மீற்றருக்கு 100 மெகாவோல்ற்று தாங்கும். அதற்கு மேலே போனால் செப்பு மேற்பரப்பிலுள்ள நுண்ணிய முனைகளிலிருந்து இலத்திரன்கள் பிய்ந்து வருகின்றன, முனை சூடேறி ஆவியாகிறது, ஆவி அயனாகி மின்வில் மூள்கிறது. அந்தத் துடிப்பு வீண். குழியிலும் ஒரு தழும்பு விழுகிறது, அடுத்த மின்வில் அங்கிருந்தே தொடங்கலாம்.

பிளாஸ்மாவில் இந்தப் பயம் இல்லை. அணுக்கள் ஏற்கெனவே உடைந்துவிட்டன, இனி உடைய எதுவும் இல்லை. அது தாங்கும் மின்புலத்துக்கு எளிய விதி ஒன்று உண்டு: கன சென்ரிமீற்றரில் உள்ள இலத்திரன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 96 ஆல் பெருக்கினால் மீற்றருக்கு எத்தனை வோல்ற்று என்பது கிடைக்கும். 10¹⁸ அடர்த்திக்கு 96 கிகாவோல்ற்று. செப்பின் உச்சத்தைப் போல ஆயிரம் மடங்கு இங்கிருந்துதான் வருகிறது.

கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் போகும் இயந்திரப் படகைப் பார்த்தால் மிகுதி விளங்கும். படகு நீரை விலக்குகிறது, விலகிய நீர் திரும்பி வந்து மோத, படகின் வேகத்திலேயே ஓர் அலை அதன் பின்னால் தொடர்கிறது. அந்தப் பின்னலையின் முன்சரிவில் சிறு தோணி ஒன்று சரியான இடத்தில் அகப்பட்டால் துடுப்புப் போடாமலே முன்னே தள்ளப்படும். பிளாஸ்மாவில் படகின் வேலையைச் செய்வதைச் செலுத்தி என்போம். அது ஒரு லேசர்த் துடிப்பாகவோ துணிக்கைக் கொத்தாகவோ இருக்கலாம். தஜிமாவும் டோசனும் 1979 இல் முன்வைத்தது லேசர் வழியை.

உவமை ஓரிடத்தில் பொருந்தாது. வாவியில் அலைநீளம் சில மீற்றர், 10¹⁸ அடர்த்தியுள்ள பிளாஸ்மாவில் அது 33 மைக்றோமீற்றர். தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. ஆர்முடுக்கும் "குழி" அவ்வளவுதான், அதற்குள் இலத்திரன் கொத்தைச் சரியான சரிவில் வைக்க வேண்டும். ஒளி 1 மைக்றோமீற்றரைக் கடக்க 3.3 பெம்ரோசெக்கன் எடுக்கும். இந்தத் துறையின் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரு எண்ணிலிருந்து பிறக்கிறது.

லேசர் செலுத்தி

லேசர் வழியின் பெரிய வசதி, முன்னால் இன்னோர் ஆர்முடுக்கி தேவையில்லை என்பது. ஒரு பெரிய மண்டபம், அதற்குள் ரைற்றேனியம்-நீலக்கல் லேசர், பக்கத்து அறையில் வெற்றிட அறை. 800 நனோமீற்றர் ஒளியில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2×10¹⁸ வாற்றுச் செறிவை எட்டினால் இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அண்டி ஆடத் தொடங்கும், வலுவான பின்னலை எழும்.

இதற்கு மூன்று தடைகள். முதலாவது, குவித்த ஒளி விரிந்துவிடும். குவியப் புள்ளியின் ஆரை 20 மைக்றோமீற்றர் என்றால் அது இறுக்கமாக இருக்கும் தூரம் வெறும் 1.6 மில்லிமீற்றர். இரண்டாவது, இலத்திரன்கள் அலையை விட வேகமாக ஓடிச் சரிவைத் தாண்டிவிடும். இதன் தூரம் பிளாஸ்மா அலைநீளத்தின் முப்படியை லேசர் அலைநீளத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது: 10¹⁸ அடர்த்தியில் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர், 10¹⁷ இல் 1.8 மீற்றர். மூன்றாவது, லேசரின் சக்தி தீர்ந்துபோகும். ஆகவே அதிக சக்தி வேண்டுமென்றால் அடர்த்தியைக் குறைத்து நீளத்தைக் கூட்ட வேண்டும், கூட்டிய நீளம் முழுக்க ஒளியை விரியாமல் கொண்டுபோக வேண்டும். அடர்த்தியை ஏற்றினால் எல்லாம் சிறிதாகும் என்று நினைப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

ஒளியைக் கொண்டுபோகும் வழிகளுள் அதிகம் பழகியது மின்னிறக்க நுண்குழாய். இரண்டு நீலக்கற் பாளங்களில் அரைவட்டப் பள்ளம் வெட்டி ஒன்றோடொன்று பொருத்த, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த துளை கிடைக்கிறது. பக்கத் துளைகளால் ஐதரசனை நுழைத்து, இரு முனையிலுமுள்ள மின்வாய்களுக்கிடையே சில நூறு அம்பியர் ஓட்டத்தை நனோசெக்கன்களுக்குச் செலுத்துவார்கள். சுவரோரம் குளிர், நடு சூடு. அதனால் நடுவில் அடர்த்தி குறைந்து, ஓரத்தில் கூடி, ஒளிநார் போல ஒளியை உள்ளே பிடித்து வைக்கும். பேர்க்லியில் 2006 இல் 3.3 சென்ரிமீற்றர் நுண்குழாயில் 1 கிகா ஈவி, 2014 இல் 9 சென்ரிமீற்றரில் 4.2, 2019 இல் 20 சென்ரிமீற்றரில் 7.8 எனப் படிப்படியாக ஏறியது இந்தக் குழாயால்தான்.

பழுதாவதும் இதே குழாய்தான். லேசர் சில பத்து மைக்றோமீற்றர் விலகி வாயிலில் பட்டால் நீலக்கல் சுரண்டப்படும், சுரண்டிய தூள் அடுத்த துடிப்பில் அயனாகி அடர்த்தியைக் கெடுக்கும், வாயில் அகன்று வாயு கசியும். கற்றை "தானாகவே" நாளுக்கு நாள் மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் முகப்பை. 2024 இன் 9.2 கிகா ஈவிப் பரிசோதனை சுவரை முற்றாகக் கைவிட்டது. முன்னோடி லேசர் ஒன்று வாயுத் தாரையை அயனாக்கிச் சூடாக்க, அது விரிந்து தன் வாய்க்காலைத் தானே அமைத்துக்கொள்கிறது. சுவர் இல்லாத வாய்க்காலுக்குத் தேய்மானமும் இல்லை. செக்கனுக்கு ஆயிரம் துடிப்புக்குப் போக நினைப்பவர்கள் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு.

இப்போது அளவுகோலை எடுப்போம். பேர்க்லியின் பெற்றாவாற்று (10¹⁵ வாற்று) லேசரைக் குவிக்கும் ஆடியின் குவியத் தூரம் 13.5 மீற்றர். 20 சென்ரிமீற்றர் பிளாஸ்மாவோடு அதையும் சேர்த்து 7.8 கிகா ஈவியைப் பிரித்தால் மீற்றருக்கு 0.57 கிகாவோல்ற்று. உச்சக் கணக்கில் 39 ஆக இருந்தது இப்படிச் சுருங்கிவிட்டது. அப்போதும் செப்பை விட ஐந்தாறு மடங்கு மேல் என்பதை மறக்கக்கூடாது, ஆனால் ஆயிரம் மடங்கு என்ற பேச்சு இங்கே அடங்கிவிடும். லேசர் மண்டபத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

அடுத்தது மின்சாரம். ரைற்றேனியம்-நீலக்கல் லேசர் சுவர்ச் செருகியிலிருந்து எடுக்கும் மின்சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட ஒளியாகத் தருவதில்லை. மிகுதி வெப்பம், அது ஒளியை நிறம் பிரிக்கும் கீற்றணிகளையும் பளிங்குகளையும் வளைக்கும். நுண்ணலைக்கான கிளைஸ்திரன் குழாய் பாதிக்கு மேல் தருகிறது. பல நார் லேசர்களின் ஒளியை ஒன்றாக்கும் வழி இந்த இடைவெளியை மூடும் என்று பலர் உழைக்கிறார்கள். அது கைகூடும்வரை, செக்கனுக்கு ஒரு துடிப்பு என்ற வேகத்தில்தான் பெற்றாவாற்று வேலைகள் நகரும்.

இலத்திரன் கொத்துச் செலுத்தி

லேசருக்குப் பதிலாக, ஏற்கெனவே ஆர்முடுகிய இலத்திரன் கொத்தொன்றைப் பிளாஸ்மாவுக்குள் விட்டால் அதன் மின்விலக்கலே இலத்திரன்களைப் பக்கமாகத் தள்ளி ஒரு குமிழியை உருவாக்கும். கொத்து எளிதில் விரியாது, ஒளிவேகத்துக்கு மிக அருகில் போவதால் பின்கொத்து (பின்னால் வந்து சக்தி பெறும் கொத்து) அதைத் தாண்டும் தொல்லையும் ஏறக்குறைய இல்லை. லேசர் வழியின் மூன்று தடைகளில் இரண்டு இங்கே விழுந்துவிடுகின்றன.

2007 இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுகூடம் 42 கிகா ஈவி இலத்திரன் கொத்தை 85 சென்ரிமீற்றர் இலிதியம் பிளாஸ்மாவுக்குள் விட்டது. கொத்தின் வாலிலிருந்த சில இலத்திரன்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தியோடு வெளியே வந்தன. 85 சென்ரிமீற்றருக்குள் இப்படி. ஆனால் அந்த 42 கிகா ஈவியைத் தர முன்னால் 3 கிலோமீற்றர் செப்பு நின்றது. ஆகவே இந்த வழியைச் "சிறிய ஆர்முடுக்கி" என்பதை விட, இருக்கிற ஆர்முடுக்கியின் சக்தியைக் கடைசி ஒரு மீற்றரில் உயர்த்தும் கருவி என்பதே பொருத்தம். மின்மாற்றி போல: பல இலத்திரன்களின் சக்தியைக் கறந்து சிலவற்றுக்கு ஊட்டுகிறது. முன்னும் பின்னும் சமச்சீரான கொத்தால் செலுத்தினால் பின்கொத்து பெறும் சக்தி செலுத்தியினதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாது. அதைத் தாண்டக் கொத்தின் ஓட்டம் மெல்ல ஏறிச் சட்டென விழும் முக்கோண வடிவில் இருக்க வேண்டும், அதை வடிப்பது கடினம்.

கற்றையின் தரத்தில் இந்த வழி இன்று முன்னே நிற்கிறது. ஜேர்மனியின் டெசி ஆய்வுகூடத்தில் 2021 இல் பின்னலையின் சக்தியில் 42 சதவீதத்தைப் பின்கொத்துக்கு மாற்றினார்கள், சக்திப் பரம்பலும் கெடவில்லை. பின்கொத்தின் மின்னேற்றமும் வடிவமும் சரியாக இருந்தால் அது தன் காலடி அலையைத் தானே மட்டமாக்கிக்கொள்ளும், அப்போது முன்னிருப்பவனும் பின்னிருப்பவனும் ஒரே தள்ளலைப் பெறுவார்கள். ஏற்றம் குறைந்தால் பின்பக்கம் கூடத் தள்ளப்படும், கூடினால் முன்பக்கம். அதே ஆய்வுகூடம் 2022 இல், கலங்கிய ஆகன் பிளாஸ்மா 63 நனோசெக்கனில் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டியது. அடுத்த கொத்துக்கு அது தயார். கொள்கையளவில் செக்கனுக்குக் கோடிக்கு மேற்பட்ட கொத்துகள் போகலாம், ஆனால் அவ்வளவு வெப்பத்தையும் யார் எடுத்துப்போவது? ஒரு துடிப்பு 1 யூலை விட்டுச் சென்றால், செக்கனுக்குப் பத்தாயிரம் துடிப்பில், 20 சென்ரிமீற்றர் குழாய்க்கு 10 கிலோவாற்று. ஒரு மீற்றருக்கு 50. நுண்குழாய் அதைத் தாங்காது.

புரோத்தன் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேர்னின் அவேக் பரிசோதனை 400 கிகா ஈவிப் புரோத்தன் கொத்தை 10 மீற்றர் உரூபிடியம் ஆவிக்குள் விட்டு, 2018 இல் இலத்திரன்களை 2 கிகா ஈவி வரை ஏற்றியது. அதன் கவர்ச்சி ஒரு கொத்தில் உள்ள 19 கிலோயூல் சக்தி. லேசரிலோ இலத்திரனிலோ பல கட்டங்களை அடுக்க வேண்டிய தூரத்தை ஒரே மூச்சில் கடக்கலாம். ஆனால் அந்தப் புரோத்தன்கள் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்திலிருந்து வருகின்றன. வளையம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கே இது வழி.

குவிப்பதில் மூன்று போட்டியாளர்கள்

பிளாஸ்மாவைத் தள்ளுவதற்கு மட்டுமல்ல, குவிப்பதற்கும் பயன்படுத்தலாம். எங்கள் பார்வையில், நீளத்தைக் குறைப்பதில் இது ஆர்முடுகும் பகுதி அளவுக்கே முக்கியம், ஆனால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

காரணத்தைக் கணக்கில் பாருங்கள். 10¹⁷ அடர்த்தியுள்ள குமிழிக்குள் 1 கிகா ஈவி இலத்திரன் கற்றை மிக இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். அது தன் அகலத்தைக் காத்துக்கொள்ளும் இயல்பான தூரம் 1 மில்லிமீற்றர் அளவு. பிளாஸ்மா முடிந்ததும் பிடி விடுகிறது, 10 சென்ரிமீற்றர் தள்ளி வில்லையை வைத்தால் கற்றை அதற்குள் நூறு மடங்கு அகன்றிருக்கும். சக்தி சற்று வேறுபட்ட இலத்திரன்கள் வேறு வேறு இடத்தில் குவியும், கற்றையின் தரம் திரும்பப் பெற முடியாதபடி கெடும். பிளாஸ்மாவின் இரு முனையிலும் அடர்த்தியைச் சட்டென வெட்டாமல் சரிவாக இறக்குவது முதல் மருந்து. வில்லையைக் கிட்ட வைப்பது இரண்டாவது.

சாதாரண நாற்முனைக் காந்தம் மீற்றருக்கு 100 டெஸ்லா தருவதாக வைப்போம். 3 சென்ரிமீற்றர் நீளத்தில், 1 கிகா ஈவி கற்றைக்கு அதன் குவியத் தூரம் 1.1 மீற்றர், அதுவும் ஒரு திசையில் மட்டும். மற்றத் திசையில் அது விரிக்கும். ஆகவே இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் வில்லை ஆக்க முடியும். நிலைக்காந்தத்தால் செய்த சிறுதுளை நாற்முனைகள் பல மடங்கு வலியவை, ஆனால் அவற்றின் வலுவை மாற்ற முடியாது, கதிர்வீச்சும் காலப்போக்கில் காந்தத்தை வாட்டும்.

பிளாஸ்மா வில்லை மேலே சொன்ன நுண்குழாயேதான். 0.5 மில்லிமீற்றர் விட்டத் துளைக்குள் 500 அம்பியர் ஓட்டம் ஒரே சீராகப் பரவினால் காந்தப்புலம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் ஏறும்: மீற்றருக்கு 1600 டெஸ்லா. அதே 3 சென்ரிமீற்றரில் குவியத் தூரம் 7 சென்ரிமீற்றர், இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில். ஓட்டத்தைத் திருகி வலுவை மாற்றலாம். உயர்தர மாணவர் அம்பியரின் விதியை வைத்தே இதைச் சரிபார்க்கலாம்.

சிக்கல் "ஒரே சீராக" என்ற சொல்லில் இருக்கிறது. ஈலியம் போன்ற இலேசான வாயுவில் நடு சூடாகி, சுவரோரம் குளிர்ந்து, ஓட்டம் நடுவில் திரளும். காந்தப்புலம் நேர்கோட்டை விட்டு வளையும், குவியம் மங்கும். ஆகனுக்கு மாற்றியபோது இந்தக் குறை போனதை 2018 இல் வெளியான பரிசோதனை காட்டியது. பாரமான வாயுவில் வெப்பம் மெல்லவே பரவுகிறது என்பதுதான் இதன் இரகசியம். ஆனால் பாரமான அணு இலத்திரனைக் கூடுதலாகச் சிதறடிக்கும். கற்றை மிக அடர்த்தியாக இருந்தால் வில்லைக்குள்ளேயே பின்னலை எழும். அப்படியான இடத்தில் நாற்முனையே மேல்.

இங்கே பிளாஸ்மா ஆடியையும் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்துக்குப் புதிய லேசரைக் கொண்டுவரும் சாதாரண ஆடி மீற்றர்கணக்கில் தள்ளி நிற்க வேண்டும், கிட்ட வந்தால் எரிந்துவிடும். அதனால் ஒரு நாடாவை வைத்து, லேசரின் முன்விளிம்பே அதன் மேற்பரப்பை அயனாக்கி ஆடியாக்கும்படி விடுகிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் நாடா நகர்ந்து புதிய பகுதியைக் காட்டும். 2016 இல் பேர்க்லி இரு கட்டங்களை இணைத்தபோது அந்த வேலையைச் செய்தது ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த வீடியோ ஒளிப்பேழையின் நாடா. மெல்லியது, சமதளமானது, சுருளாகக் கிடைப்பது. அதன் ஊடாக இலத்திரன் கற்றை கடக்கும்போது சிறிது சிதறும், அதுவே அதன் விலை.

எந்த வேலைக்கு எது

வைத்தியசாலைக்கு முதலில் வருவோம், எங்கள் மாவட்டத்தில் ஆர்முடுக்கி என்றாலே நோயாளியின் நினைவுக்கு வருவது புற்றுநோய்ச் சிகிச்சைதான். 6 மெகா ஈவி சிகிச்சைக் கருவியின் ஆர்முடுகும் குழாய் இன்றே 30 சென்ரிமீற்றர் அளவுதான். அதைப் பிளாஸ்மாவால் சுருக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. கருவியின் பருமன் சுழலும் சட்டகத்திலும் கதிர்க்காப்பிலும் இருக்கிறது. உடலின் ஆழத்துக்குப் போகும் 100 தொடக்கம் 250 மெகா ஈவி இலத்திரன் சிகிச்சைக்குப் போட்டி உண்டு. ஆனால் மீற்றருக்கு 100 மெகாவோல்ற்றுச் செப்பு 250 மெகா ஈவியை 2.5 மீற்றரில் எட்டிவிடும், ஒவ்வொரு துடிப்பும் முன்னையதைப் போலவே இருக்கும். சேர்னும் சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக வைத்தியசாலையும் இந்தச் செப்பு வழியைத்தான் எடுத்தன. நோயாளிக்குக் கொடுக்கும் அளவு துடிப்புக்குத் துடிப்பு மாறக்கூடாது. இந்த இடத்தில் இன்று செப்புக்கே எங்கள் வாக்கு.

எக்ஸ்-கதிர் லேசருக்குப் பிளாஸ்மாவின் நேரம் நெருங்குகிறது. அதற்குக் கற்றையின் சக்திப் பரம்பல் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டத்தில் வேண்டும். 2021 இல் ஷங்காயில் லேசர்-பிளாஸ்மாக் கற்றை 27 நனோமீற்றர் ஒளியைப் பெருக்கிக் காட்டியது. 2022 இல் இத்தாலியின் பிரஸ்காற்றியில் கொத்தால் செலுத்திய பிளாஸ்மா 830 நனோமீற்றரில் அதைச் செய்தது. டெசியின் லேசர் வழிக் கருவி 2020 இல் ஒரு நாள் முழுக்க, ஒரு இலட்சம் துடிப்புகள், நிற்காமல் ஓடியது. 2025 இல் அங்கேயே பிளாஸ்மாவுக்குப் பின்னால் ஒரு நுண்ணலைக் குழியை வைத்து, சக்திப் பரம்பலையும் துடிப்புக்குத் துடிப்பான ஆட்டத்தையும் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டத்துக்கு இறக்கினார்கள். கொத்தைக் காந்தங்களால் நீட்டி, வேகமானவனைப் பிடித்து, பிந்தியவனைத் தள்ளும் வேலை அது. செப்பும் பிளாஸ்மாவும் எதிரிகளாக நில்லாமல் கைகோத்த இந்த அமைப்பே அடுத்த பத்தாண்டின் வடிவம் என்று நம்புகிறோம்.

மோதிக்குச் சிக்கல் பொசித்திரன், அதாவது இலத்திரனின் நேரேற்றமுள்ள இணை. குமிழிக்குள் எஞ்சி நிற்கும் நேரயன்கள் இலத்திரனைக் குவிக்கும், பொசித்திரனை வெளியே எறியும். 2023 இல் முன்வைக்கப்பட்ட ஒரு கலப்புத் திட்டம் இதைச் சுற்றிப் போனது: இலத்திரனைப் பிளாஸ்மாவால் 500 கிகா ஈவிக்கு, பொசித்திரனைச் செப்பால் வெறும் 31 கிகா ஈவிக்கு. முழுத் தளமும் ஏறத்தாழ 3.3 கிலோமீற்றர். இந்த எண்ணை நாங்கள் மதிக்கிறோம், ஏனெனில் இது கட்டடத்தை அளந்து சொன்ன எண்.

கிழக்கில் எங்கிருந்து தொடங்குவது

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பௌதிகவியல் மாணவர் ஒருவர் நூறு தெராவாற்று லேசரை எதிர்பார்த்து இருக்கத் தேவையில்லை. அது வந்தாலும் எங்கள் காற்று அதற்கு ஆகாது. கரையோரத்தில் வெளிக்காற்றின் பனிபடுநிலை 24 பாகையை அண்டி நிற்கும்போது, 18 பாகை நீரால் குளிர்விக்கும் பளிங்கின் தாங்கி வியர்க்கும். அறையின் ஈரப்பதனை இரவு பகல் அடக்கி வைக்காவிட்டால் ஒளியியல் பூச்சு போய்விடும். ஒரு மின்வெட்டு அரை நாள் ஒழுங்குபடுத்தலைக் கலைத்துவிடும். அதோடு, செக்கனுக்கு ஒரு துடிப்பில் 100 பிக்கோகூலோம், 1 கிகா ஈவி என்றால் கற்றையின் சராசரி வலு 0.1 வாற்றுத்தான். ஆனாலும் அது உண்டாக்கும் காமாக் கதிருக்குத் தடித்த கொங்கிறீற்றும், இலங்கையின் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் உரிமமும் வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம் கணினி உருவகப்படுத்தல். எஃப்பிபிக் (FBPIC), வோர்ப்எக்ஸ் (WarpX), ஹைபேஸ் (HiPACE++) ஆகிய திறந்த மென்பொருள்களை இன்று யாரும் இறக்கிக்கொள்ளலாம். லேசர் வழிக்கு முதல் இரண்டும், கொத்து வழிக்கு மூன்றாவதும். எஃப்பிபிக் உருளைச் சமச்சீரைப் பயன்படுத்துவதால் 8 கிகாபைற்று நினைவகமுள்ள ஒரு வரைகலை அட்டையே போதும். 800 நனோமீற்றர் ஒளிக்கு நீளவாக்கில் ஒரு கட்டம் 25 நனோமீற்றர், ஆரைவாக்கில் 0.2 மைக்றோமீற்றர். 60 மைக்றோமீற்றர் நீளமும் 40 ஆரையும் கொண்ட பெட்டிக்கு 2400 இற்கு 200 கட்டங்கள், கோணவாக்கில் இரண்டு பாங்குகள், கட்டத்துக்கு 16 துணிக்கைகள். மொத்தம் 77 இலட்சம் துணிக்கைகள். 2 மில்லிமீற்றர் வாயுத் தாரையைக் கடக்க 80,000 படிகள்.

பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. அடர்த்தியைக் கன சென்ரிமீற்றருக்குக் கொடுத்துவிடுவார்கள், மென்பொருள் கன மீற்றருக்குக் கேட்கிறது. 10¹⁸ என்பதை அங்கே 10²⁴ என்று எழுத வேண்டும். கட்டத்துக்குத் துணிக்கைகள் குறைந்தால் இரைச்சலே சில இலத்திரன்களைக் குமிழிக்குள் தள்ளி, இல்லாத கற்றையொன்றைக் காட்டும். வாயுவின் விளிம்பைச் செங்குத்தாக வெட்டினாலும் அதே மாயம் நடக்கும், அங்கே 100 மைக்றோமீற்றர் சரிவாவது வையுங்கள். வலிய லேசரைப் போடுவதற்கு முன் மெலிந்த ஒன்றைப் போட்டு, 10¹⁸ அடர்த்தியில் பின்னலையின் இரண்டு உச்சங்களுக்கிடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 33 மைக்றோமீற்றர் வந்தால் லேசரின் வலுவை ஏற்றலாம். அலையே தெரியாமல் திரை வெறுமையாக நின்றால், நீங்கள் கொடுத்த அடர்த்திக்கு அலைநீளம் 33 மில்லிமீற்றராகி, பெட்டிக்குள் அடங்காமல் போயிருக்கலாம்: உள்ளீட்டில் அடர்த்தி எழுதிய வரியைத் திறந்து, விடுபட்ட ஆறு பூச்சியங்களைத் தேடுங்கள்.